மூங்கிலைப் பிளந்து மூங்கில் செய்தவர்

கரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அமெரிக்காவில் எவரெட் காரிசன் என்று ஒருவர், மூங்கிலை ஆறு சிம்பாகப் பிளந்து, இழைத்து, திரும்ப ஒட்டித் தூண்டில்கோல் செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் வருவதும் மூங்கில் கழிதானே? பிளக்காமலே வைத்துக்கொண்டால் என்ன? வேலை மெனக்கெட்டுச் செய்கிற காரியமாக இருக்கிறதே!”

நல்ல கேள்வி. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

காரிசன் (1893–1975) நியூயார்க் மாநிலத்துக்காரர். படித்தது பொறியியல். ஜார்ஜ் பார்க்கர் ஹோல்டன் என்ற மருத்துவரிடம் தூண்டில்கோல் செய்யப் பழகிக்கொண்டு, பிறகு வாழ்நாள் முழுக்க அதிலேயே கிடந்தார். செய்தது மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவுதான். அத்தனையும் கை இழைப்புளியால் இழைத்தவை.

அவர் செய்த கோல், நம் வாய்க்கால் கரையில் மண்புழுவைக் கோத்துத் தொங்கவிடுகிற ரகம் இல்லை. அதன் கொக்கியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. அதற்கு எடை என்று ஒன்றுமே கிடையாது. எடையில்லாத பொருளை எறிய முடியாது. ஒரு காக்கை இறகை எறிந்து பாருங்கள், தெரியும். அதனால் இங்கே வீசப்படுவது கொஞ்சம் கனமான நரம்பு, அதாவது தூண்டில் கயிறு. பூச்சி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறது. கோல் பின்னால் வளைந்து, வில் மாதிரி ஆற்றலைச் சேர்த்துக்கொண்டு, நிமிரும்போது அதை நரம்புக்குக் கொடுக்க வேண்டும். வளையவும் வேண்டும், உடையவும் கூடாது, வளைந்தபடியே நின்றுவிடவும் கூடாது.

வளைவு என்றால் என்ன என்பது பள்ளிப் பாடம்தான். ஒரு குச்சியை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசுங்கும், நட்டநடுவில் இரண்டுமே இல்லை. பாரம் முழுக்க மேற்பரப்பில். நடுவில் இருக்கிற பொருள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சைக்கிள் சட்டம் குழாயாக இருப்பது இதனால்தான். மூங்கிலுக்கு இது எப்போதோ தெரியும், அதன் நடுவிலும் ஒன்றுமில்லை.

ஆனால் மூங்கில் அதோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பழைய மூங்கில் ஏணி இருந்தது. அதன் உடைந்த காலை ரம்பத்தால் அறுத்து, முகத்தை உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெளிர் மஞ்சளில் கரும்புள்ளிகள். தோல் ஓரத்தில் புள்ளிகள் எள்ளைக் கொட்டிய மாதிரி நெருக்கமாக, இடைவெளியே இல்லாமல் இருந்தன. உள்ளே போகப்போகப் பெரிதாகி, விலகி, உட்சுவருக்குப் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. ஒவ்வொரு புள்ளியும் நீரும் உணவும் போகிற குழாய்க்கட்டு. அதைச் சுற்றியிருக்கிற நார்தான் மூங்கிலின் பலம். சீன மோசோ மூங்கிலில் அளந்திருக்கிறார்கள்: தோல் பக்கத்தில் சுமார் 60 சதவீதம் நார், உட்பக்கத்தில் ஏறத்தாழ 15 சதவீதம்தான். பாரம் எங்கே விழுகிறதோ அங்கே நாரைக் குவித்து, மற்ற இடத்தில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறது இந்தப் புல். ஆமாம், மூங்கில் புல்தான்.

அதே ஏணிக்காலிலிருந்து ஒரே கனத்தில் இரண்டு சிம்பு சீவினேன், ஒன்று தோல் பக்கம், ஒன்று உள்பக்கம். உள்பக்கத்துச் சிம்பு கொஞ்சம் வளைத்ததுமே பொசுக்கென்று ஒடிந்தது. தோல் சிம்பை வட்டமாகச் சுருட்டி முனையோடு முனை சேர்க்க முடிந்தது.

இப்போது கரூர்க்காரர் கேள்விக்கு வருகிறேன். கோலின் நுனி ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர்தான், தீக்குச்சியைவிடச் சன்னம். அடியிலிருந்து நுனிவரை நாம் நினைத்த அளவில் சிறுத்துக்கொண்டே வரவும் வேண்டும். அப்படி ஒரு மூங்கில் எந்தக் காட்டிலும் முளைப்பதில்லை. பருத்த மூங்கிலைச் சீவி மெலிதாக்கலாம் என்றால், முதலில் போவது தோல், அதாவது பலம் முழுவதும். அதனால் பெரிய மூங்கிலைப் பிளந்து, தோலைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் இழைத்து, முக்கோணச் சிம்பாக்கி, தோல் வெளியே பார்க்கும்படி ஆறையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். வெளியே நார் நெருக்கம், மையத்தில் சொத்தைச் சதை. காட்டு மூங்கில் ஒரு கைப்பிடிப் பருமனில் செய்ததை, தீக்குச்சிப் பருமனில் திரும்பச் செய்தாகிவிட்டது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எழுந்து நின்றேன், பொய்யில்லை.

ஏன் ஆறு? 360 பாகையை ஆறால் வகுத்தால் 60. மூன்று மூலையும் 60 என்றால், ஒரே ஒரு 60 பாகைப் பள்ளம் வெட்டிய இரும்பு அச்சு போதும். சிம்பை அதில் கிடத்தி ஒரு பக்கம் இழைத்து, புரட்டி மறுபக்கம் இழைக்கலாம். இன்னொரு அழகும் உண்டு: ஒழுங்கான அறுகோணக் கழியை எந்தத் திசையில் வளைத்தாலும் விறைப்பு ஒன்றேதான். பார்த்தால் மூலைவாக்கில் அதிகம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை.

கணுக்கள் தனித் தலைவலி. அங்கே நார் நெளிந்து ஓடுவதால் பலவீனம். சூடுகாட்டி அழுத்தி நேராக்குவார்கள். அப்புறம் ஆறு சிம்பின் கணுக்களும் ஒரே இடத்தில் கூடாதபடி மேலும் கீழுமாக நகர்த்தி வைப்பார்கள். பிறகு அடுப்பில் வாட்டி ஈரம் போக்குவது, பசை தடவி நூலால் இறுக்கிச் சுற்றுவது, காய்ந்ததும் நூலைப் பிரிப்பது எல்லாம் முறைப்படி நடக்கும்.

காரிசன் மற்ற கைவினைஞர்களிடமிருந்து வேறுபட்டது இழைப்பதற்கு முன்னால் போட்ட கணக்கில். ஒரு கழியின் விறைப்பு அதன் பருமனின் நான்காம் அடுக்கில் ஏறும். இரண்டு மடங்கு பருமன் என்றால் பதினாறு மடங்கு விறைப்பு. 1.8 மில்லிமீட்டர் நுனியில் 0.1 மில்லிமீட்டர், ஒரு வெள்ளைத்தாளின் கனம், கூடினால் விறைப்பு கிட்டத்தட்ட கால்பங்கு கூடிவிடும். ஒரு தாள் கனம்! இழைப்புளியை ஒரு தரம் கூடவோ குறையவோ ஓட்டினால் கோலின் சுபாவமே மாறிவிடும். பழைய ஆட்கள் இதைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள். காரிசன் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். பாலத்து உத்தரத்துக்குப் போடுகிற அதே கணக்குதான். கோலை ஐந்தைந்து அங்குலமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் நுனியின் இழுப்பு, நரம்பின் எடை, நரம்பு ஓடுகிற வளையங்களின் எடை, மூங்கிலின் சொந்த எடை எல்லாவற்றையும் கூட்டி, வீச்சின் உதறலுக்காக நாலால் பெருக்கி, இந்த இடத்தில் நார் இவ்வளவு தகைவை, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழுகிற பாரத்தை, தாங்க இவ்வளவு பருமன் வேண்டும் என்று கண்டுபிடித்தார். இதில் ஒரு சிக்கல்: மூங்கிலின் எடை தெரிய அதன் பருமன் தெரிய வேண்டும், பருமன் தெரிய எடை தெரிய வேண்டும். உத்தேசமாக ஓர் அளவில் ஆரம்பித்து, திருத்தித் திருத்தித்தான் வர முடியும். எட்டடிக் கோலுக்கு ஏறத்தாழ இருபது இடம். கணினி இல்லாத காலத்தில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். அந்தக் கணக்கும் கைமுறையும் ஹோகி கார்மைக்கேல் என்பவர் முயற்சியால் காரிசன் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1977இல் புத்தகமாக வந்தன. கார்பன் நார்க் கோல்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அவர் பயன்படுத்திய மூங்கிலின் பெயர் டோங்கின். டோங்கின் என்பது வடக்கு வியட்நாமின் பழைய பெயர்; மூங்கில் வளர்வதோ சீனாவின் குவாங்டோங் பக்கம். அதற்கு ‘அழகிய’ என்று பொருள்படும் ‘அமாபிலிஸ்’ என்ற அறிவியல் பெயரை 1931இல் வைத்தவர் மக்ளூர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். 1950இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும் டோங்கின் வரத்து நின்றது. கையிருப்பு வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அதற்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டில், அமெரிக்கத் தூண்டில்கோல்கள் ‘கல்கத்தா மூங்கில்’ கொண்டு செய்யப்பட்டன. அந்தத் துறைமுகத்தில் கப்பலேறியதால் அந்தப் பேர். அது வேறொன்றுமில்லை, நம்முடைய கல்மூங்கில்தான். போலீஸ்காரர் கையில் லத்தியாக நாம் பார்த்த அதே இனம். டோங்கினில் கணுவிடை நீளம், கணுவும் அவ்வளவாகப் புடைக்காது. அதனால் கல்மூங்கில் தோற்றது.

இங்கே ஒரு புலம்பல். 1927ஆம் வருட இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று எழுதிவைத்தது. சொந்த நிலத்தில் வளர்த்ததை வெட்டிக் கொண்டுபோவதற்கே பல இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2017இல்தான், வனமல்லாத நிலத்து மூங்கிலுக்காகத் திருத்தினார்கள். தொண்ணூறு வருடம் ஒரு புல்லை மரமென்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, மூங்கில் தொழில் ஏன் வளரவில்லை என்று கருத்தரங்கு வேறு. அந்தக் கருத்தரங்குச் செலவில் பாதியை நாரை அளக்கிற ஒரு நல்ல ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

தேய்பிறையில் வெட்டினால் மூங்கிலை வண்டு துளைக்காது என்று சொல்வார்களே, அதையும் சிலர் கேட்பார்கள். வண்டு வருவது மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்கு. அது பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் எந்த மாதம் வெட்டுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. நிலாவுக்கு இதில் வேலை உண்டென்று நான் நம்பவில்லை. ஆனால் சோதிக்கச் சுலபம்: ஒரே புதரில், ஒரே மாதத்தில், வளர்பிறையில் இருபது, தேய்பிறையில் இருபது வெட்டி, சாயம் அடித்து அடையாளம் வைத்து, ஒரே கொட்டகையில் ஒரு வருடம் போட்டுவையுங்கள். அப்புறம் துளைகளை எண்ணுங்கள். எண்ணுகிறவருக்கு எது எந்தப் பிறை என்று தெரியக் கூடாது. கரூர்க்காரர் தோட்டத்தில் மூங்கில் இருந்தால், நான் வந்து எண்ணித் தருகிறேன்.