பிட்ச் பெண்ட் எல்லையை எழுதி அனுப்புங்கள்

ஒலிக்கலவைக்காக என்னிடம் வரும் மிடி கோப்புகளில் (ஒலியை அல்ல, எந்தச் சுரத்தை எப்போது, எப்படி வாசிப்பது என்ற கட்டளைகளைச் சுமப்பவை), இந்த மாதம் மட்டும் மூன்றாவது முறையாக, தனி வயலின் பகுதி ஒன்று சுருதி விலகி வந்தது. இசையமைத்தவரின் கணினியில் அது ஓர் ஆக்டேவ், அதாவது 12 அரைச்சுரம், முழுவதும் வழுக்கி ஏறுகிறது. என் கணினியில் அதே வழுக்கல் இரண்டு அரைச்சுரம் ஏறியதும் நின்றுவிடுகிறது. "உங்கள் லைப்ரரியில் ஏதோ கோளாறு" என்று அவர் அனுப்பிய பதில்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. கோளாறு லைப்ரரியில், அதாவது என் கருவியின் ஒலிப்பதிவுத் தொகுப்பில், இல்லை; பிட்ச் பெண்ட் எல்லையை எழுதாமல் விட்டதில் இருக்கிறது.

மிடி 1.0 வரையறை 1983-இல் வந்த நாள்முதல், பிட்ச் பெண்ட் செய்தி (கீபோர்டின் வீலை நகர்த்திச் சுருதியை வளைக்கும் கட்டளை) சுமந்து செல்வது ஒரே ஓர் எண்ணைத்தான்: 0 முதல் 16,383 வரை, நடுவில் 8,192. அந்த எண்ணுக்குள் சுரமும் இல்லை, சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) கணக்கும் இல்லை. வீல் தன் முழுத் தூரத்தில் எத்தனை பங்கு நகர்ந்தது என்பது மட்டுமே இருக்கிறது. அந்த முழுத் தூரம் எத்தனை அரைச்சுரத்துக்குச் சமம் என்பதை, அதாவது எல்லையை, முடிவு செய்வது செய்தியைப் பெறும் கருவி. 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொதுத் தரநிலை, மேலும் கீழும் 2 அரைச்சுரத்தை இயல்நிலையாக வைத்தது. பதிவுசெய்த ஒலிகளால் ஆன சாம்பிள் கருவிகளுக்கான எஸ்எஃப்இசட் கோப்பு வடிவத்திலும் எதுவும் குறிப்பிடாவிட்டால் 200 சென்ட்தான்.

ஆக்டேவ் வழுக்கல் பாதியில் நின்றால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுபவை சிறிய வளைவுகளே. எல்லை 12 என்றால், ஒரு முழுச்சுரம் ஏறுவதற்கு 9,557 என்ற எண் போதும். அதே எண், எல்லை 2 என உள்ள கருவிக்குப் போனால், ஏற்றம் வெறும் 33 சென்ட். ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கேட்பவருக்கு அது கோப்பின் பிழையாகத் தோன்றாது, சுருதி சேராத வாசிப்பாகத் தோன்றும். பழி வாசித்தவர்மேல் விழும்.

எல்லையைக் கோப்போடு சேர்த்தே அனுப்ப வழி இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது: 101, 100 என்ற எண்ணுள்ள இரு கண்ட்ரோலர்களிலும் (மிடியின் அமைப்புக் கட்டளைகள்) 0 அனுப்பி, பிறகு 6-ஆம் கண்ட்ரோலரில் அரைச்சுரங்களின் எண்ணிக்கையை அனுப்ப வேண்டும். ஆனால் சாம்பிள் கருவிகளில் பல அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அவற்றின் எல்லை கருவியின் திரையில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது, ப்ராஜெக்ட்டோடு சேமிக்கப்படுகிறது, மிடியாக ஏற்றுமதி செய்யும்போது விட்டுப்போகிறது.

இனி என் பொறுமையை மிகவும் சோதிக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். எல்லை 2 என்பது தயாரிப்பாளரின் சோம்பேறித்தனம், அதை 12 ஆகவோ 24 ஆகவோ கூட்டிவிட்டால் கருவி மேம்பட்டுவிடும் என்பது அது. சின்தசைசரோடு பழகியவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. சின்தசைசர் ஒலியைக் கணந்தோறும் புதிதாக உண்டாக்குகிறது. சாம்பிள் கருவியோ என்றோ பதிவான ஒலியை ஓட்டிக் காட்டுகிறது, சுருதியை ஏற்ற வேண்டுமானால் பெரும்பாலும் அதை வேகமாக ஓட்டுகிறது. 2 அரைச்சுரத்துக்கு வேகம் சுமார் 12 சதவீதம் கூடுகிறது. அதைக் காது மன்னித்துவிடும். 12 அரைச்சுரத்துக்கு வேகம் இரட்டிப்பாகிறது. வினாடிக்கு 6 முறை எனப் பதிவான விப்ராட்டோ (சுருதியின் மெல்லிய அசைவு) 12 முறையாகி வெறும் நடுக்கமாகிறது. நிஜ வயலினில் விரல் எங்கே வழுக்கினாலும் மரப்பெட்டி மாறுவதில்லை, அதன் அதிர்வுகள் தம் இடத்திலேயே நிற்கின்றன; சாம்பிளில் பெட்டியும் சேர்ந்து சுருங்கி, பொம்மை வயலின் போல ஒலிக்கிறது. பதிவில் அறையின் எதிரொலி கலந்திருந்தால் அதுவும் வளையும். எந்த மண்டபமும் வாசிப்பவரோடு சேர்ந்து வழுக்கியதை நான் கண்டதில்லை.

போதாக்குறைக்கு, எல்லா லைப்ரரியிலும் ஒவ்வொரு சுரமும் தனியே பதிவாகியிருப்பதில்லை. மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்று எனப் பதிவு செய்த லைப்ரரியில், நீங்கள் அழுத்தும் சுரமே ஏற்கெனவே ஓர் அரைச்சுரம் இழுக்கப்பட்டதாக இருக்கலாம். உங்கள் 12 அதன்மேல்தான் ஏறுகிறது. வட்டிலிருந்து நேரடியாகப் படிக்கும் சாம்ப்ளர் அப்போது இருமடங்கு வேகத்தில் தரவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பதை, ஒலி அறுபடும்போது கணினியைத் திட்டுபவர்கள் நினைவில் கொள்ளலாம். தயாரிப்பாளர் எல்லையைக் குறுக்கியிருந்தால், அதற்குமேல் அந்த ஒலி அந்தக் கருவியின் ஒலியாக இராது எனக் கேட்டறிந்து அவர் இட்ட வேலி அது என்றே நான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன்.

"அப்படியானால் எம்பிஇ-யில் 48 எப்படி?" என்பார்கள். 2018-இல் ஏற்கப்பட்ட, எல்லையை 48 என வைக்கும் அந்த மிடி முறை, ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல் (தனி மிடி வழி) தரும் வாசிப்புக் கருவிகளுக்கானது. 48 அரைச்சுரத்தைத் தாங்கும் எண்கள் மிடியில் உண்டு. தாங்கும் வயலின் பதிவு இல்லை. சாதாரண வீலில் கையும் தாங்காது: எல்லை 12 என்றால் ஒரு முழுச்சுரத்துக்கு வீலை ஆறில் ஒரு பங்கு மட்டும் நகர்த்தி, அங்கேயே அசையாமல் பிடிக்க வேண்டும். 128 படிகளில் மட்டும் அனுப்பும் கீபோர்டாக இருந்தால், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 19 சென்ட். வழுக்கலுக்குப் பதில் படிக்கட்டுதான் கேட்கும்.

ஆகவே, முதல் சுரத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே எல்லையை முடிவு செய்யுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள். தொட்டால் அதுவரை வரைந்த வளைவுகள் அத்தனையும் பிசகும். கோப்பின் பெயரிலோ ட்ராக்கின் பெயரிலோ அந்த எண்ணை எழுதுங்கள். மிடியோடு, எஃபெக்ட் ஏதும் சேர்க்காத ஆடியோ கோப்பு ஒன்றையும் தயவுசெய்து அனுப்புங்கள். நீண்ட வழுக்கல் வேண்டுமானால், லைப்ரரியில் வழுக்கல்கள் தனியே பதிவாகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆடியோவாக மாற்றியபின், ஒலியின் குணத்தைக் காக்கும் சுருதித் திருத்தியில் வளையுங்கள். இரண்டு சுரம் ஒலிக்கும்போது ஒன்று மட்டும் வளைய வேண்டுமென்றால் இரண்டு சேனல்களில் எழுதுங்கள். ஒரே சேனலில் இரண்டும் வளையும் என்பதைக்கூட ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வேண்டுமா? வளைவு முடிந்ததும் வீலை 8,192-க்குத் திருப்புங்கள்.

இந்த மாதத்தின் இரண்டாவது கோப்பில் எல்லை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, அனுப்பியவருக்கும் நினைவில்லை. வளைவு அதிக நேரம் நிலைத்து நின்ற இடத்தில் எண் 10,533. எல்லை 7 என்றால் அது 2 அரைச்சுரம், 14 என்றால் 4. இரண்டுமே கணக்குக்குப் பொருந்தின. மெட்டின் மற்ற இடங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 7 என்று உறுதி செய்ய ஒரு மாலைப்பொழுது போயிற்று. அதையும் கட்டணத்தில் சேர்த்தேன்.