சுகர் தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை ஓ.பி.யில் ஒருவர் வந்தார். வயது 52, தையல் கடை வைத்திருப்பவர். கூடவே மனைவி, கையில் மஞ்சள் பை. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம் இது: "டாக்டரம்மா, சுகர் எனக்குக் குணமாயிடுச்சு. மாத்திரையே இல்லாம, சாப்பிட்டப்புறம் 128. மூச்சுதான் வாங்குது, அதை மட்டும் பாருங்க."

முகம் ஊதியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு ராத்திரி சுவரில் சாய்ந்தே தூங்கியிருக்கிறார். ரத்த அழுத்தம் 210/110. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, 11.4. அன்று மாலையே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஆளுக்கு கிரியாட்டினின் 1.7. நான் கையெழுத்துப் போட்ட அந்தச் சீட்டு, நான்காக மடித்து, அதே மஞ்சள் பைக்குள் பத்திரமாக இருந்தது.

இந்த மாதத்தில் இது நான்காவது. அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது வழக்கமான கதை. மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் எடுத்து வைத்தியம் பார்க்கிற ஒருவர், "இந்தப் பொடியை ஒரு மண்டலம் சாப்பிடுங்க, இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்திடுங்க, அதுதான் கிட்னியைக் கெடுக்குது" என்றிருக்கிறார். இவரும் நிறுத்தினார். சுகர் மாத்திரை மட்டுமில்லை, பிரஷர் மாத்திரையையும் சேர்த்து. அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. லேபிள் இல்லாத வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. வெறும் கடுக்காயும் நெல்லியுமாகக்கூட இருக்கலாம். பொடி கெடுத்ததோ இல்லையோ, இரண்டு வருடம் 200க்கு மேல் ஓடிய பிரஷர் கெடுத்துவிட்டது.

சரி, சுகர் எப்படி இறங்கியது? உடம்பில் சுரக்கிற இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது படுத்துவிட்டால் இன்சுலின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். போதாததற்குக் குமட்டலில் சாப்பாடும் இறங்காது. அதனால் சர்க்கரை தானாக இறங்கும். பல வருட நீரிழிவுக்காரருக்கு மருந்து இல்லாமல் சுகர் "நார்மல்" ஆகிறது என்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அவர் வீட்டிலோ அன்றைக்குக் கேசரி கிண்டியிருக்கிறார்கள்.

குழந்தைகளிடம் இதற்கு இன்னொரு முகம் உண்டு. இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் வாழ முடியாத டைப் 1 நீரிழிவு வந்த பிள்ளைக்கு இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில் தேவை மளமளவென்று குறையும். மிச்சமிருக்கிற இன்சுலின் சுரக்கும் செல்கள் கொஞ்ச காலம் தலைதூக்குவதால் வரும் தற்காலிக நிலை அது. அந்தச் சமயம் பார்த்து யாராவது கஷாயம் கொடுத்தால் பெயர் கஷாயத்துக்குப் போகும், ஊசி நிற்கும். சில மாதம் கழித்து வாந்தியும் பெருமூச்சுமாகப் பிள்ளையை ஐ.சி.யு.வுக்குத் தூக்கி வருவார்கள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. பெற்றோரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இப்போது "மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை நான் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்கிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், ஏன், என் சொந்த சித்தப்பா வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்ததில், எங்கள் தொழிலே அதற்குத் தீனி போடுகிறது என்று தோன்றுகிறது.

சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையையே உதாரணமாகப் பாருங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (லேப் சீட்டில் eGFR) 30க்குக் கீழே போனால் அதை நிறுத்தச் சொல்வோம். நோயாளி காதில் அது எப்படி விழுகிறது? "இந்த மாத்திரை கிட்னிக்கு ஆகாதுன்னு டாக்டரே நிறுத்திட்டாங்க." இல்லை ஐயா. அது வெளியேறுகிற வழியே சிறுநீரகம்தான். வழி அடைத்துவிட்டால் மருந்து உடம்பில் தேங்கும், அதற்காக நிறுத்துகிறோம். சாக்கடை அடைத்த வீட்டில் தண்ணீரை அளவாக ஊற்று என்றால், தண்ணீர்தான் சாக்கடையை அடைத்தது என்றா அர்த்தம்? இன்னொரு வேடிக்கை, மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பாவில் விளையும் ஒரு மூலிகைச் செடிதான்.

அப்புறம் லோசார்டன், டெல்மிசார்டன் வகைப் பிரஷர் மாத்திரைகள். ஆரம்பித்த இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் 1.4லிருந்து 1.6 ஆகலாம். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைப்பதால் வரும் சின்ன ஏற்றம் அது. முப்பது சதவீதத்துக்குள் இருந்தால், பொட்டாசியத்தையும் பார்த்துவிட்டு மாத்திரையைத் தொடர்வோம். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாதது எங்கள் தப்பு. மூன்று நிமிட ஓ.பி.யில் யார் இதையெல்லாம் சொல்கிறார்கள்? லேப் சீட்டைப் பார்த்த நோயாளி, "பாரு, உப்பு ஏறிடுச்சு" என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். உண்மையில் நீரிழிவுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற மருந்துகளில் முதல் வரிசையில் இருப்பது அதுதான். டைப் 2 நோயாளிகளிடம் லோசார்டன் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகிறது என்று 2001லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். 2020ல் டாபாகிளிஃபுளோசின் என்ற சுகர் மாத்திரைக்கும் அதேபோல வந்தது.

அப்படியென்றால் இங்கிலீஷ் மருந்து எதுவுமே கிட்னியைக் கெடுக்காதா? நன்றாகக் கெடுக்கும். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் பெயர்கூடக் கேட்காமல் வாங்கிப் போடுகிறீர்களே, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, அது கெடுக்கும். சுகர் மாத்திரைக்குப் பயப்படுகிறவர்கள் அதை மட்டும் மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறார்கள்.

மூலிகையும் கெடுக்கும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கும் சிகிச்சை என்று சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்று மாறிப் போயிருந்தது. மாறிப்போன செடியின் குடும்பத்தில்தான் நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் இருக்கிறது. ஆடே தின்னாது என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்கள்! கேரளத்தில் கொழுப்பு குறைய இரும்பன்புளிச் சாறு குடித்தவர்களுக்கு ஆக்ஸலேட் என்ற உப்பு படிந்து சிறுநீரகம் நின்றது மருத்துவ இதழில் வந்திருக்கிறது. 2010ல் தில்லியில் ஒரு விஞ்ஞானி, நீரிழிவுக்காரர், கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தே போனார். குழம்பில் போடுகிற காய் வேறு, டம்ளர் டம்ளராகப் பச்சையாகப் பிழிந்து குடிப்பது வேறு. வாழைத்தண்டுச் சாறு கல்லடைப்புக்கு என்று கேள்விப்பட்டு, செயலிழந்த சிறுநீரகக்காரருக்குக் கொடுப்பவர்களும் உண்டு. கல் வேறு, செயலிழப்பு வேறு. இளநீரும் அப்படியே: அதிலுள்ள பொட்டாசியத்தைச் செயலிழந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் ஏறினால் முதலில் நிற்பது இதயம்.

சித்த மருத்துவத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்த நண்பர் ஒருவர், கிரியாட்டினின் ஏறியவர்களைத் தானே என்னிடம் அனுப்புகிறார், மாத்திரையை நிறுத்தாதே என்று எழுதியும் கொடுக்கிறார். என் சண்டை லாட்ஜ் ரூமோடும், டி.வி.யில் அரை மணி நேரம் விலைக்கு வாங்கிப் பேசுபவர்களோடும்தான். நீரிழிவைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, விளம்பரம் பாட்டுக்கு ஓடுகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? சுகரோ பிரஷரோ இருந்தால் வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள். கிரியாட்டினின் நார்மலைத் தாண்டும்போதே பாதித் திறன் போயிருக்கும், அதனால் அதற்கு முன்பே சிறுநீரில் ஒழுக ஆரம்பிக்கிற அல்புமின் முக்கியம். மாத்திரைக்குக் காசில்லை என்பது காரணமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. லேபிள் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா, டப்பாவோடு வாருங்கள், திட்ட மாட்டேன்.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று: "நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தில்லை, வெறும் பொடி. "காலையில வெறும் வயித்துல என்ன குடிக்கிறீங்க?" என்று கேளுங்கள். எல்லாம் வெளியே வரும்.

தையல்காரர் இப்போது செவ்வாய், வியாழன், சனி வருகிறார், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நேற்று அவர் மனைவியிடம் அந்த டப்பாவைக் கேட்டேன். "பாதிக்கு மேல இருந்துச்சும்மா. வீணாப் போகுதேன்னு இவரு தம்பிக்குக் கொடுத்துட்டேன். அவருக்கும் சுகர்தான்."

தம்பியை உடனே டப்பாவோடு வரச் சொன்னேன். இன்று காலையில் வந்தார். டப்பாவைக் கொண்டுவரவில்லை. மாத்திரையை நிறுத்திப் பதினெட்டு நாளாகிறதாம்.