ஒளிநிழல்: ‘கோல்டன் ஷேடோ’வுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அக்கா மகள் பாளையங்கோட்டையில் உளவியல் படிக்கிறாள். கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்து, “மாமா, இத ஒருதரம் பாத்துக் குடுங்க” என்று நீட்டினாள். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. ‘தங்க நிழல்’ என்று இருந்தது.

“என்ன பிள்ள இது, நகைக்கடை பேரு மாதிரி இருக்கு?”

“கோல்டன் ஷேடோ மாமா. வேற எப்பிடிச் சொல்ல?”

எப்படிச் சொல்ல என்று எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. கேலி செய்த கடனுக்காக யோசித்ததுதான் கீழே வருவது.

முதலில் பொருள். ஒருவர் தன்னிடம் உள்ள நல்ல குணத்தை, திறமையைத் தனதென்று ஒப்புக்கொள்ளாமல் தள்ளி வைக்கிறார். நாளாக ஆக, தள்ளி வைத்ததே மறந்துபோகிறது. அப்படி மறந்துபோன நல்லவற்றின் மொத்தம்தான் கோல்டன் ஷேடோ. தைரியம், பாட்டு, நையாண்டி, நாலு பேரை வழிநடத்துவது, கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவது என எதுவும் அதில் கிடக்கலாம். இதை அடக்கத்தோடு போட்டுக் குழப்பக் கூடாது. அடக்கமானவருக்குத் தன்னிடம் இருப்பது தெரியும், வெளியே சொல்லமாட்டார். இவருக்குத் தெரியவே தெரியாது. யாராவது எடுத்துச் சொன்னாலும், “சும்மா கேலி பண்ணாதீங்க” என்று உண்மையிலேயே நம்பாமல் சொல்வார்.

‘ஷேடோ’ என்பதைக் கலைச்சொல்லாக ஆக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் குஸ்டாவ் யுங் (1875–1961). அவர் எழுதியது ஜெர்மனில். அங்கே அது ‘ஷாட்டென்’. நாம் ஊருக்குக் காட்டும் முகத்துக்கு அவர் ‘பெர்சோனா’ என்று பெயர் வைத்தார். பழைய ரோம நாடகத்தில் நடிகர் போட்டுக்கொண்ட முகமூடிக்கான லத்தீன் சொல் அது. அந்த முகத்தோடு ஒத்துப்போகாததெல்லாம் பின்னால் தள்ளப்பட்டு நிழலாகச் சேர்கிறது. சேர்வது கெட்டது மட்டும்தான் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். யுங் அப்படிச் சொல்லவில்லை. 1951இல் வந்த நூலில், இயல்பான உந்துதல்கள், சமயத்துக்கு ஏற்ற எதிர்வினை, உள்ளதை உள்ளபடி பார்க்கும் பார்வை, படைப்பூக்கம் இவையும் அந்த நிழலில் உண்டு என்று எழுதினார். அவர் வழிவந்த அமெரிக்கர் ராபர்ட் ஜான்சன் (1921–2018) இதை இன்னும் அழுத்திச் சொன்னார்: தன் இருட்டை மறைக்க மனிதர் படும் பாட்டைவிடத் தன் மேன்மையை ஏற்காமலிருக்கப் படும் பாடு பெரிது என்பது அவர் கட்சி. நிழலுக்குப் பொன்முலாம் ஏறியது இப்படித்தான்.

யுங் இந்தியாவுக்கு வந்திருக்கிறார். 1938இல் கல்கத்தாவில் நடந்த அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அழைக்கப்பட்டு, அந்தப் பயணத்தில் திருவனந்தபுரம்வரைக்கும் வந்தார். நமக்கு மலைக்கு அந்தப் பக்கம். அவர் தந்த சொல் மலையைத் தாண்ட எண்பது வருஷத்துக்கு மேலாகி, கடைசியில் ரீல்ஸ் வழியாகப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் ‘ஷேட்’, ஆளின் பின்னால் வரும் நிழல் ‘ஷேடோ’. ஒரே பழஞ்சொல்லின் இரண்டு கிளைகள்தான், ஆனால் குளிர்ச்சியெல்லாம் முதலாவதோடு போய்விட்டது. இரண்டாவதற்கு மிஞ்சியது இருட்டு. அதனால்தான் அதில் நல்லதும் உண்டு என்று சொல்ல வந்தவர்கள் ‘கோல்டன்’ என்ற அடைமொழியைத் தேடிப்போக வேண்டியிருந்தது.

தமிழில் இந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை. வள்ளுவர் ஒரு குறளில் (208) தீமை செய்தவனைக் கேடு விடாது, காலடியிலேயே கிடக்கும் நிழலைப் போல என்கிறார். இன்னொன்றில் (742) நாட்டுக்கு அரண் எதுவென்று அடுக்கும்போது ‘அணிநிழற் காடும்’ என்கிறார். மிரட்டுவதும் காப்பதும் ஒரே சொல். பஸ் நிற்கிற இடத்தில் இன்றும் ‘பயணியர் நிழற்குடை’ என்றுதான் எழுதியிருக்கிறது. போட்டோவுக்கு நல்ல தமிழ் நிழற்படம். சித்திரை மாதத்து மதியம் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்துநின்ற யாரிடமும் நிழல் என்றால் இருட்டு என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ‘நிழல் உலக தாதா’ என்று செய்தித்தாளில் வருகிறதே, அது இரவல் பொருள்.

ஆக, வெறும் ‘நிழல்’ போதும் என்றுகூட வாதாடலாம். போதாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு நம்மூர்த் தொட்டில்வரை போக வேண்டும்.

பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கடைசியாக ஆச்சி என்ன செய்வாள்? கன்னத்தில் பெரிதாக ஒரு கருப்புப் பொட்டு வைப்பாள். பிள்ளை அழகாக இருப்பதால்தான் அந்தப் பொட்டு. கண்ணு பட்டுரக் கூடாதே! பிள்ளை வளர வளர, பொட்டு கன்னத்திலிருந்து வாய்ச்சொல்லுக்கு இடம் மாறுகிறது. “நல்லா வரையுதாளாமே?” என்று யாராவது கேட்டால், தாய் பதறிப்போய், “என்னத்த, சும்மா கிறுக்கிட்டுக் கெடக்கா” என்கிறாள். மகன் மாவட்ட அளவில் ஓட்டத்தில் ஜெயித்து வந்தால், “கப்பு சோறு போடுமால?” பிள்ளைமேல் வெறுப்பா? இல்லவே இல்லை. அதே பொட்டு, அதே பிரியம். ஆனால் பிள்ளைக்கு உள்நோக்கம் தெரியாதே. கேட்டது கிறுக்கல், சோறு போடாத கப்பு என்பதைத்தான். இருபது வருஷம் கேட்டால் அதுவே தன் அளவென்று ஆகிவிடும். நம் பக்கத்தில் நல்ல குணம் நிழலுக்குள் போகும் வழி பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். யுங்கின் ஊரில் சபைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கினார்கள். இங்கே பொத்திப் பொத்தி மறைக்கிறோம்.

எனக்கும் ஒரு பொட்டு உண்டு. எட்டாம் வகுப்பில் பேச்சுப்போட்டி முடிந்து மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு வாத்தியார், “வாய் இருக்கு, மார்க்குதான் இல்ல” என்றார். ரொம்ப நாள் மைக்கைத் தொடவில்லை.

தற்புகழ்ச்சி தப்பு என்பதற்கு நன்னூலைக் கொண்டுவருவார்கள். பவணந்தி முனிவர் ‘தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்று சொன்னது உண்மை. ஆனால் அடுத்த நூற்பாவையும் படிக்க வேண்டாமா? அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வென்றாக வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது, இந்த நான்கு இடங்களிலும் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று அவரே விலக்குத் தருகிறார். இன்றைய பேச்சில் சொன்னால் வேலைக்கு விண்ணப்பம் போடுகிற இடம், புது ஆபீஸ், நேர்முகத் தேர்வு, வாய்ச்சண்டை. முதல் நூற்பாவை மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாவதைத் தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டோம்.

மறைத்தது எங்கே போகும்? அடுத்தவர் முகத்தில் போய் உட்காரும். உளவியலில் இதை ‘புரொஜெக்‌ஷன்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம்; ‘தற்குறிப்பேற்றம்’ என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் போகும்போது கோட்டைக் கொடி ‘வராதே’ என்று கைகாட்டியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கொடி காற்றில் ஆடியது, அவ்வளவுதான். குறிப்பு கவிஞருடையது. தன்னிடம் இருப்பதை வெளியே ஒன்றின்மேல் ஏற்றிப் பார்ப்பது. கவிஞர் தெரிந்து செய்கிறார், நாம் தெரியாமல் செய்கிறோம்.

அம்பாசமுத்திரத்தில் எனக்கு ஒரு பெரியம்மா. எதிர்வீட்டில் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். பெரியம்மா வாய் ஓயாமல் அவளைப் பற்றித்தான். “அந்தப் பிள்ளைக்கு என்னா தைரியம்ல! பத்து ஆம்பளைங்க முன்னால நின்னு பட்டு பட்டுன்னு பேசுது. நமக்குன்னா நாக்கு ஒட்டிக்கிடும்.” இதே பெரியம்மாதான் எங்கள் வகையறாவில் எந்தக் கல்யாணம் என்றாலும் சமையல்கட்டுக்குப் பொறுப்பு. பந்தியில் எத்தனை இலை என்று எட்டிப் பார்த்தே இன்னும் எவ்வளவு அரிசி களைய வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ஒரு முகூர்த்தத்தன்று சமையல் ஆட்கள் கூலிச் சண்டையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். சித்தப்பாமார் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா உள்ளே போய் நாலு வாக்கியம் பேசினாள், அடுப்பு திரும்ப எரிந்தது. பிறகு நான், “பெரியம்மா, நாக்கு ஒட்டிக்கிடலையே?” என்று கேட்டேன். “போல, அது சமையக்கட்டுல்லா? அதுல என்ன இருக்கு” என்றாள்.

இங்கே வேடிக்கையான ஒரு சேர்க்கை. தன் நிழலைத் தானே தோண்டிப் பார்க்கும் பயிற்சிக்கு இப்போது ‘ஷேடோ வொர்க்’ என்று பெயர் சொல்கிறார்கள். 1981இல் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் அதே இரண்டு சொற்களை வேறு பொருளில் எழுதினார்: கூலி கிடையாத, கணக்கில் வராத, ஆனால் மற்ற வேலையெல்லாம் ஓடுவதற்குக் காரணமான வேலை. வீட்டு வேலையை முக்கிய உதாரணமாகச் சொன்னார். இரண்டு அர்த்தமும் பெரியம்மாவிடம் வந்து சந்திக்கின்றன. கூலி இல்லாததால் அது வேலை இல்லை என்று ஆனது. வேலை இல்லாததால் அதில் காட்டியது திறமையும் இல்லை என்று ஆகிவிட்டது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யாரைப் பார்த்து அளவுக்கு மீறி வாய் பிளக்கிறோம், யாரைப் பார்த்தால் காரணமில்லாமல் வயிறு எரிகிறது என்று இரண்டு மூன்று பேரை எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களிடம் நம்மை உறுத்துவது எது என்று ஒற்றைச் சொல்லில் எழுத வேண்டும். அப்புறம், கடைசியாக நான் அப்படி நடந்துகொண்டது எப்போது, யார் என்ன சொன்னதும் நிறுத்தினேன் என்று பின்னால் நடந்து பார்க்க வேண்டும். “ரொம்பத்தான் மினுக்குதா” என்று எரிச்சல் வந்தால், மினுக்க நமக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்ததா என்று கேட்கலாம். எல்லா வியப்புக்குள்ளும் நம் பொன் இருக்கும் என்று சொல்லமாட்டேன். கிரிக்கெட் வீரரைப் பார்த்து வியப்பவன் எல்லாம் மறைந்து கிடக்கும் பேட்ஸ்மேன் ஆகிவிட முடியாது. அவரிடம் அவன் வியப்பது ஒருவேளை நிதானமாக இருக்கலாம். கோயில் கொடைத் திருவிழாவில், வருஷம் முழுக்க வாய் திறக்காத மனுஷர் சாமியாடும் கோமரத்தாடியாக வந்து ஊரையே அதட்டுவதையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது சாமி விஷயம். அதை மனோதத்துவமாகச் சுருக்க நமக்கு உரிமை கிடையாது.

உவமை வேண்டும் என்றால் வேறொன்று இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டினார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. பார்வைக்கு வெறும் மேட்டுநிலம், உள்ளே முழுக்க முதுமக்கள் தாழி. ஈமக்காடு. அதற்குள்ளேயிருந்துதான் பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள் வந்தன. அவற்றை அங்கே வைத்தவர்கள் பகையாளிகளா என்ன? சொந்தக்காரர்கள், பிரியத்தோடு, பக்குவமாக வைத்தார்கள். கன்னத்துப் பொட்டையும் அந்தத் தாழியையும் சேர்த்து நினைக்கும்போதுதான் நமக்கு வேண்டிய சொல் எப்படி இருக்க வேண்டும் என்று பிடிபட்டது. மறைத்த கையின் அன்பும் அதில் தெரிய வேண்டும், உள்ளே கிடப்பதன் மினுக்கமும் தெரிய வேண்டும்.

‘பொன்னிழல்’ காதுக்கு இனிமை. ஆனால் பொன்னும் நிழலும் சேர்ந்த சேர்க்கை என்று விளக்கவே ஒரு வரி வேண்டும். ‘மறைநலம்’ என்றால் மருத்துவமனை விளம்பரம் ஞாபகம் வருகிறது. ‘உள்ளுறை ஆற்றல்’ இயற்பியல்காரர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் மறைந்துகொள் என்றும் அர்த்தம். இரண்டும் வேறு வேறு சொற்கள்தான், ஓசை மட்டும் ஒன்று. தெருவில் கண்ணைப் பொத்தி எண்ணி முடித்த பிள்ளை “யார் எங்க ஒளிஞ்சிருக்கீங்க?” என்று கத்தும்போது இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. ஆகவே ஒளிநிழல். ஒளிந்த, ஒளிகின்ற, ஒளியும் நிழல் என்று விரித்தால் ஊறுகாயைப் போல வினைத்தொகை. ஒளியை உடைய நிழல் என்று விரித்தால் வேற்றுமைத்தொகை. மறைப்பும் மினுக்கமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. நிழலுக்குரிய குளிர்ச்சியும் போகவில்லை. ஒரு குறை உண்டு: ஓவியர்கள் வெளிச்சமும் நிழலும் சேர்ந்ததை ‘ஒளிநிழல்’ என்று சொல்லக்கூடும். இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம்; ‘நிழல்’ ஒன்றே இத்தனை வேலை பார்க்கவில்லையா?

அக்கா மகளிடம் சொன்னேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தங்கத்தை அடித்து ஒளியை எழுதினாள். கட்டுரை நன்றாகவே இருந்தது. நான் எழுதியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது, அதை அவளிடமே சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“ஒம் பேரு எங்க பிள்ள?”

“அது எதுக்கு மாமா. வேணும்னா கடைசில எங்கயாவது சின்னதா போட்டுக்கிடுவாங்க.”

பேனாவை நீட்டினேன். பென்சில் இருக்கா மாமா என்று கேட்டாள்.