கார்போரண்டத்துக்குள் ஒளிந்திருக்கும் குருந்தம்

கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைக்காரர்களுக்குக் கல்லைத் தேய்க்கும் ‘கார்போரண்டம்’ பழகிய பெயர். 1890களின் தொடக்கத்தில் எட்வர்ட் ஆச்சிசன் இதை மின்னுலையில் உருவாக்கினார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து, இரண்டு பெயரையும் ஒட்டவைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. கொரண்டம் துளியும் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் கொரண்டம் நம் குருந்தம்தான். வடமொழியில் குருவிந்தம். சாணைக்கல்லுக்கு உதவிய இந்தக் கல்லைப் பற்றி 1798இல் ஆங்கிலேயக் கனிமச் சேகரிப்பாளர் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். வேதியியல்படி இது அலுமினியம் ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் (வைரம் 10) இது 9. சிறிது குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல்.

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் குருந்தம் உண்டு. பெரும்பாலும் ஒளி புகாத, சாணைத் தரத்துக் கல்; மாணிக்கக் கனவு வேண்டாம். பாறைக்குழம்பில் சிலிக்கா மிகுதியாக இருந்தால் அலுமினியம் அதனோடு சேர்ந்து ஃபெல்ஸ்பார் என்ற வேறு கனிமமாகிவிடும், குருந்தம் உருவாகாது. ஆகவே சிலிக்காவே ஆன வெங்கச்சங்கல்லுக்குள் (குவார்ட்ஸ்) பதிந்திருக்கும் சிவப்புக் கல் அநேகமாகக் கார்னெட் என்ற வேறு கனிமம்.

தனியாகக் கிடைத்த கல் குருந்தமா என்று பார்க்க, முதல் சோதனைக்கு நகைத் தராசு போதும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். 20 கிராம் கல்லுக்குத் தராசு 5 கிராம் காட்டினால் அடர்த்தி 20 ÷ 5 = 4: குருந்தத்துக்குரிய எண். வெங்கச்சங்கல் என்றால் ஏழரை கிராம் காட்டும். கல் அடியைத் தொட்டாலோ காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலோ தராசு காட்டும் எடை கூடிவிடும். கல்லை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்தால் குமிழி ஒட்டாது. 4 கிராம் கல்லில் 0.1 கிராம் பிசகினாலே விடை பத்து சதவீதம் தவறும், எனவே பெரிய கல்லாக எடுங்கள்.

கார்னெட்டும் ஏறக்குறைய இதே அடர்த்திதான் காட்டும், இங்கேதான் பலர் ஏமாறுவது. வடிவத்தைப் பாருங்கள்: கார்னெட் பல முகங்களுள்ள உருண்டை, குருந்தம் நடுவில் பருத்த ஆறுபட்டைப் பீப்பாய். உடைந்த துண்டு என்றால் வெங்கச்சங்கல்லின் வழவழப்பான முகத்தில் அழுத்திக் கீறி, தூளைத் துடைத்துவிட்டு விரல்நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் பள்ளம் எளிதில் விழுந்திருந்தால் குருந்தமாக இருக்கலாம். கார்னெட்டும் கீறும், ஆனால் மேலோட்டமாகவே. வெள்ளைக் கோடு துடைத்ததும் மறைந்தால், தேய்ந்தது உங்கள் கல்தான்.