டூட்டி முடிந்த பிறகு செய்யும் யோகா: செவிலியப் படிப்பு மாணவர்களுக்கு

உலக யோகா தினமான ஜூன் 21 வந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் மைதானம் நிறையப் பாய் விரித்து, மைக்கில் எண்ணிக்கை சொல்லி, போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள். 2015-லிருந்து இது ஆண்டுதோறும் நடக்கிறது. தவறில்லை. ஆனால் செவிலிய மாணவிக்கு யோகா உதவ வேண்டிய நேரம் வேறு. நைட் டூட்டி முடித்து, கேஸ் ஷீட்டை ஒப்படைத்து, இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாங்கிய திட்டு காதிலேயே நிற்க, ஹாஸ்டலுக்குத் திரும்புகிற காலை அது. அன்றைக்குச் சூரிய நமஸ்காரம் 12 சுற்று யாருக்கும் வேண்டாம்.

முதலில் மூச்சு. உள்ளே இழுக்கும்போது நாடித்துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை இது. நம்பாவிட்டால் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நீங்களே பாருங்கள். பல்ஸ் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இதைவிட நல்ல நிரூபணம் கிடையாது. அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு 6-க்கு வந்துவிடும். 5 நிமிடம் போதும். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, ‘ஆழமாக’ என்றதும் மார்பு விம்ம, தோள் தூக்கி இழுப்பது. இரண்டே நிமிடத்தில் விரல் நுனி மரத்து, தலை சுற்றும். ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தி வழக்கமான மூச்சுக்கு வாருங்கள், சரியாகிவிடும். மறுமுறை காற்றைக் கூட்ட வேண்டாம், வேகத்தை மட்டும் குறையுங்கள்.

அடுத்தது கால். எட்டு மணி நேரம் நின்ற பாதத்தில் சாக்ஸின் வரி பதிந்திருக்கும், கணுக்கால் லேசாக வீங்கியிருக்கும். இதற்கு விபரீத கரணியின் எளிய வடிவம் நன்றாகக் கேட்கும். முதலில் கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். ஊசியும் வலையுமாகப் போட்ட கொண்டை பின்மண்டையில் இடித்தால் கழுத்து விறைத்தபடியே இருக்கும், உடம்பு தளராது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, திரும்பிப் படுத்தபடி கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். இடுப்புக்கும் சுவருக்கும் நான்கைந்து விரல் இடைவெளி இருக்கட்டும். தொடைக்குப் பின்னால் சுள்ளென்று இழுத்தால் இன்னும் தள்ளிப் படுக்கலாம். 5 முதல் 10 நிமிடம். இறங்கும்போது முழங்காலை மடக்கி, வலப்பக்கம் ஒருக்களித்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சிதான், ஆனால் வழுக்கும். மெல்லிய ஜமுக்காளம் விரித்துக் காலைத் தூக்கினால் விரிப்போடு சேர்ந்து நீங்களும் நகர்வீர்கள். அடிப்பக்கம் ரப்பர் உள்ள பாயை விரித்து, அதன் ஓரத்தைச் சுவரில் முட்டவிடுங்கள். மொட்டை மாடி என்றால் சித்திரை, வைகாசியில் விடியற்காலை மட்டுமே. மாலை ஏழு மணிக்கும் தளம் அனல் கக்கும்.

கண் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இந்த ஆசனம் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் அது யோகாவுக்கான விஷயமல்ல, டாக்டரிடம் காட்டுங்கள். எழும்போதெல்லாம் கண் இருட்டினால் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஹாஸ்டல் பிள்ளைகள் பலர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மயக்கத்துக்கு ‘டென்ஷன்’ என்று பெயர் வைக்கிறார்கள்.

நோயாளியைத் தூக்கிப் புரட்டிய முதுகுக்கு, பூனைபோல் கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜாரி ஆசனம் 8 சுற்று, மூச்சோடு சேர்த்து மெதுவாக. டூட்டி முடிந்த கையோடு குனிந்து பாதத்தைத் தொடும் ஆசனம் செய்யாதீர்கள். விறைத்த முதுகு பிடித்துக்கொள்ளும். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அப்போது கூடாது. அது உசுப்பிவிடும் பயிற்சி, நைட் முடித்தவருக்கு வேண்டியது தூக்கம். பதிலாக, வாய் மூடி வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரி 5 முறை, பிறகு மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தும் சவாசனம். ஓம் சொல்லத் தயங்கும் பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம், ‘ம்’ என்ற ஒலியே போதும். சவாசனத்தில் தூங்கிப்போனால் எழுப்பித் திட்டாதீர்கள், டியூட்டர்களே. நைட் பார்த்த பிள்ளையை ஒன்பது மணி வகுப்பில் உட்காரவைத்துவிட்டு மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு எடுப்பதில் அர்த்தமில்லை. டூட்டி லிஸ்ட்டை முதலில் திருத்துங்கள்.

பகலிலும் இரவிலும் டிபனுக்குப் பின் இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம் கழித்தே ஆசனங்கள். மூச்சை நீட்டுவதற்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

மனதை இருக்குமிடத்தில் நிறுத்தும் பயிற்சிக்குத் தனி நேரம் தேடவும் வேண்டாம். 1979-ல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வாரப் பயிற்சியில் ஹட யோகத்தோடு அன்றாட வேலைகளைக் கவனத்தோடு செய்வதும் ஒரு பகுதி. வார்டில் அதற்குத் தோதான வேலை கை கழுவுவது. சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 விநாடி எப்படியும் கழுவியாக வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீரின் குளிர்ச்சி, விரலிடுக்கில் நுரை, கட்டைவிரலைச் சுற்றும் உள்ளங்கை என்று கவனத்தை அங்கேயே வையுங்கள். அடுத்த ஊசி, நாளைய வைவா என்று மனம் ஓடும். ஓடியதைக் கவனித்துத் திரும்பக் கையிடம் கொண்டுவருவதுதான் பயிற்சி, ஓடாமல் இருப்பதல்ல. ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கழுவுகிறீர்களோ அத்தனை பயிற்சி. மருந்து கொடுக்கும்முன் நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் ஐந்தையும் சரிபார்க்கும்போதும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

கண்ணை மூடி உட்கார்ந்தாலே பதற்றம் கூடுகிறது, வார்டில் பார்த்த மரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கண்ணைத் திறந்து நடந்தபடி செய்யுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.