கண்ணாடிச் சீட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்தத் துளை வழியே தூரத்தில் மங்கலாகத் தெரியும் எழுத்தைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால், கண்ணுக்குள் ஒளி குவியும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு, லென்ஸால் சரிசெய்யக்கூடியது. துளை வழியாகவும் அதே மங்கல் என்றால் கண்புரை, விழித்திரை, பார்வை நரம்பு என்று காரணம் வேறாக இருக்கலாம். சிறிய துளை மிக மெல்லிய ஒளிக்கற்றையை மட்டுமே உள்ளே விடுவதால், குவியும் இடம் முன்பின் இருந்தாலும் பிம்பம் அதிகம் சிதறாது. அதனால்தான் இந்தத் தெளிவு. ஆரம்பநிலைக் கண்புரையிலும் துளை சில சமயம் தெளிவு தரும். ஆகவே இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஆகாது. முதலில் யாரிடம் போவது என்பதற்கு ஒரு குறிப்பு மட்டுமே.

போகக்கூடிய இடங்கள் மூன்று. கண் மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்தும் அறுவை சிகிச்சையும் தருபவர். ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையின் அளவைக் கணக்கிட்டு, லென்ஸ் பரிந்துரைத்து, நோயின் அறிகுறி தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்புபவர். ஆப்டீஷியன் சீட்டில் உள்ளபடி லென்ஸை ஃப்ரேமில் பொருத்தித் தருபவர். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். கண்ணாடி மாற்றுவது மட்டுமே நோக்கம் என்றாலும், 40 வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய் பொதுவாக வலியும் மங்கலும் இல்லாமல் பக்கப் பார்வையைத் தின்னும். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடும் கண்ணிலும் அது இருக்கலாம்.

இனி சீட்டுக்கு வருவோம். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைக்கும் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனை அளக்கும் அலகு இது). அதில் ஏறக்குறைய 43 டயாப்டரைக் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழியே (கார்னியா) செய்துவிடுகிறது. மீதியை உள்ளிருக்கும் லென்ஸ் செய்கிறது. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மி.மீ. நீளம். இந்த நீளமும் ஒளி வளையும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் ஒளி சரியாக விழித்திரைமேல் குவியும். கண் 1 மி.மீ. கூடுதலாக நீண்டாலே இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கிட்டப்பார்வை வந்துவிடும், ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால்.

சீட்டில் ‘ஸ்பியர்’ என்ற தலைப்பின் கீழ் −2.00 என்று இருந்தால், அது ஒரு தூரத்தைத்தான் சொல்கிறது. 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது சென்டிமீட்டர்: 50 செ.மீ. கண்ணாடி இல்லாமல் அந்தக் கண்ணுக்குத் தெளிவு அந்தத் தூரம் வரைதான். −4.00 என்றால் 25 செ.மீ. இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றி, புத்தகத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போய், எழுத்து மங்கத் தொடங்கும் இடத்தை அளவுகோலால் அளந்தால், சீட்டில் உள்ள எண் சொல்லும் தூரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கூட்டல் குறி இருந்தால் தூரப்பார்வை: கண் குட்டையாகவோ, வளைக்கும் திறன் குறைவாகவோ இருக்கிறது என்று பொருள்.

அடுத்துள்ள ‘சிலிண்டர்’, ‘ஆக்ஸிஸ்’ இரண்டும் சேர்ந்தே பொருள் தருபவை. கருவிழி பந்தைப் போல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாமல், ஒரு திசையில் அதிகமாகவும் குறுக்குத் திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. அந்த வேறுபாட்டின் அளவு சிலிண்டர். எந்தத் திசை என்பதை 1 முதல் 180 வரையிலான டிகிரியில் சொல்வது ஆக்ஸிஸ். லென்ஸை ஃப்ரேமில் பொருத்தும்போது ஆக்ஸிஸ் 10 டிகிரி திரும்பிவிட்டால் சிலிண்டர் திருத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீண். 30 டிகிரி திரும்பினால் திருத்தியதன் பலனே போய்விடும். சிலிண்டர் 2.00க்கு மேல் உள்ளவர்களுக்கு வட்டமான ஃப்ரேம் வேண்டாம் என்று பலர் அறிவுறுத்துவது இதனால்தான். லென்ஸ் லேசாகச் சுழன்றாலும் வெளியே தெரியாது.

இரண்டு இடங்களில் வாங்கிய சீட்டுகள் வேறுவேறாக இருக்கின்றன என்று பதறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். −2.00 / −1.00 × 180 என்பதும் −3.00 / +1.00 × 90 என்பதும் ஒரே லென்ஸ்தான். முதல் எண்ணோடு சிலிண்டரைக் கூட்டுங்கள், சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், ஆக்ஸிஸை 90 டிகிரி திருப்புங்கள், ஒன்று மற்றொன்றாகிவிடும்.

அளவெடுக்கும்போது தவறு நுழையும் வழிகளும் தெரிந்தவையே. தாடையை வைத்துப் பார்க்கும் தானியங்கி இயந்திரம் தருவது தொடக்கப்புள்ளி மட்டுமே. இயந்திரத்துக்குள் தெரியும் படத்தைப் பார்க்கும்போது கண் தன்னையறியாமல் பக்கத்துப் பொருளைப் பார்ப்பது போல இறுகிக்கொள்ளும். அதனால் கிட்டப்பார்வை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதற்குப்பின் லென்ஸ்களை 0.25 படிகளில் மாற்றி, ‘இதுவா, அதுவா’ என்று கேட்டுத்தான் முடிவு எடுக்க வேண்டும். இயந்திரத்தின் தாளை அப்படியே சீட்டாக எழுதித் தருகிறார்கள் என்றால் அந்த இடத்தை நம்ப வேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்பவரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எழுத்து சிறிதாகவும் கறுப்பாகவும் தெரிவது வேறு, கூடுதல் எழுத்தைப் படிக்க முடிவது வேறு. முன்னதைத் ‘தெளிவு’ என்று சொன்னால் தேவைக்கு மேல் மைனஸ் ஏறிவிடும். மாலையில் கண் வலிக்கும்.

குழந்தைகளின் கண் மிக வலுவாக இறுகக்கூடியது என்பதால், அப்படி இறுக்கும் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டபின் அளப்பதே முறை. சில மணி நேரம் முதல், மருந்தைப் பொறுத்துச் சில நாட்கள் வரை, பக்கத்தில் உள்ளவை மங்கும்; வெளிச்சம் கூசும். இதைத் தவிர்க்கக் கூடாது. இரு கண்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்து, அது கவனிக்கப்படாமல் போனால், மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். ஏழெட்டு வயதுக்குமுன் பிடித்துவிட்டால் மீட்பது எளிது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பயமும் வேண்டாம். பிள்ளை வளரும்போது கண் நீள்வதால்தான் எண் ஏறுகிறது. பவரைக் குறைத்துக் கொடுப்பதால் அது நிற்பதில்லை.

சர்க்கரை அளவு ஏறி இறங்கும் நாட்களில் கண்ணின் உள்லென்ஸ் வீங்கிச் சுருங்கும், பவரும் கூடவே மாறும். சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்தபின் அளந்தால்தான் அந்தக் கண்ணாடி உதவும்.

சீட்டு சரியாக இருந்தும் புதுக் கண்ணாடி தலைவலி தருகிறதா? அடிக்கடி காணும் காரணம், சிலர் எழுதாமலே விட்டுவிடும் ‘பி.டி.’, அதாவது இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம். வளர்ந்தவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. போல இருக்கும், ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே இல்லாவிட்டால் லென்ஸ் பிரிசம் போல ஒளியைப் பக்கவாட்டில் தள்ளும். −5.00 லென்ஸ் 4 மி.மீ. விலகினால் அந்தத் தள்ளல் 2 பிரிசம் டயாப்டர் (தள்ளலை அளக்கும் அலகு). கண் தசைகள் நாள் முழுக்க அதை இழுத்துப் பிடித்துச் சமாளிக்க வேண்டும். புதுக் கண்ணாடி, குறிப்பாக சிலிண்டர் மாறியது, பழகச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அதற்குப் பிறகும் தொல்லை என்றால் கடையில் லென்சோமீட்டரில் வைத்து பவரையும் ஆக்ஸிஸையும் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள், அடுத்து மையத்தை, அடுத்து ஃப்ரேமின் சாய்வை. இவை மூன்றும் சரி என்றால்தான் கண்ணை மறுபடி அளக்க வேண்டும்.

லென்ஸ் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். சாதாரண பிளாஸ்டிக்குக்கு அது 1.50. 1.67, 1.74 என்று கூடக்கூட அதே பவருக்கு லென்ஸ் மெலிதாகும். −2.00க்கு அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. பாலிகார்பனேட் எளிதில் உடையாது, குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் ஓரத்தில் நிறச்சிதறல் கொஞ்சம் தெரியும்.

வயதோடு உள்லென்ஸ் மெல்ல விறைத்துவருவது, நாற்பதை ஒட்டிப் பக்கத்தில் படிக்கும்போது தெரியத் தொடங்கும். அதுதான் வெள்ளெழுத்து. சீட்டில் ‘ஆட்’ என்று +1.00 முதல் +2.50 வரை எழுதப்படுவது அதற்கான கூடுதல் பவர்.

காண்டாக்ட் லென்ஸுக்குக் கண்ணாடிச் சீட்டு போதாது. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. போலத் தள்ளி இருக்கிறது, காண்டாக்ட் லென்ஸ் கருவிழிமேலேயே உட்காருகிறது. அதனால் −8.00 கண்ணாடிக்குச் சமமான காண்டாக்ட் லென்ஸ் சுமார் −7.25தான். 4.00க்குக் கீழே இந்த வித்தியாசம் பெரிதில்லை. பவரோடு லென்ஸின் வளைவும் விட்டமும் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். மாட்டியபடி தூங்குவதும், குழாய்த் தண்ணீரில் கழுவுவதும், மாட்டியபடி குளிப்பதும் கருவிழியில் கடுமையான தொற்றுக்கு வழி. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஓரணு உயிரி பற்றினால் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருவிழியை லேசரால் சீவிப் பவரைத் திருத்தும் லேசிக் சிகிச்சையில் கணக்கு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நடக்கிறது. கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன். மேலே திறக்கும் மூடி சுமார் 110. ஒரு டயாப்டருக்குச் சீவ வேண்டியது ஏறத்தாழ 14. −6.00க்கு 84 போனால் அடியில் 346 மிஞ்சும். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும், பலர் விரும்புவது 300. இதே கணக்கை 480 மைக்ரான் கருவிழியில் −9.00க்குப் போட்டால் 244தான் மிஞ்சும். அந்தக் கண்ணுக்கு லேசிக் கூடாது. மீறிச் செய்தால் கருவிழி பிதுங்கிக் கூம்பாகும் ஆபத்து உண்டு. மெல்லிய கருவிழிக்கு, மூடி திறக்காமல் மேற்பரப்பிலேயே சீவும் பி.ஆர்.கே. முறையும், அதிக பவருக்குக் கண்ணுக்குள் கூடுதல் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். முறையும் இருக்கின்றன. எதற்கும் முன்பு 18 வயது நிறைந்து, ஓராண்டாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். அளவெடுக்கும் முன் மென்மையான காண்டாக்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அழுந்திய கருவிழியின் வடிவமே பதிவாகும்.

லேசர் மாற்றுவது கருவிழியின் வளைவை. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். −8.00 இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப்போட்டபின்னும் அவருடைய விழித்திரை நீண்ட கண்ணில் இழுபட்டு மெலிந்ததே; அது கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரென்று கூடும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் திரை போன்ற நிழல் இவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே விழித்திரையைச் சோதித்தாக வேண்டும்.