மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை ஏன் மடங்குவதில்லை?

முறிந்த கைக்குச் சில வாரங்கள் மாவுக்கட்டு போட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் எலும்பு நன்றாக ஒட்டியிருக்கும், ஆனால் முழங்கை பாதிக்கு மேல் மடங்காது. அடிபடாத மூட்டு கூட அசையாமல் கிடந்தால் இறுகிப்போகும். பிசியோதெரபியில் செய்யும் மூட்டு அசைவுப் பயிற்சிகள் இந்த இறுக்கத்துக்காகத்தான்.

இறுக்கம் பல இடங்களில் நடக்கிறது. முதலில் தசை. தசை இழைகளுக்குள் சார்க்கோமியர் என்னும் நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. 1972-இல் வெளியான ஓர் ஆய்வில், பூனையின் கெண்டைக்கால் தசை ஒன்றைச் சுருங்கிய நிலையில் 4 வாரம் கட்டி வைத்தார்கள். அந்த வரிசையில் சுமார் 40 சதவீத அலகுகள் காணாமல் போயிருந்தன. அதாவது, தசை தனக்குக் கிடைத்த நீளத்துக்கு ஏற்பத் தன்னையே குட்டையாக்கிக்கொண்டது. கட்டை அவிழ்த்ததும் அடுத்த 4 வாரத்துக்குள் அவை மீண்டும் உருவாகிவிட்டன. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்தப் பின்பாதிதான்.

அடுத்து மூட்டைச் சுற்றியிருக்கும் உறை. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் அசைவில்லாதபோது தாறுமாறாகப் பின்னி, ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றன. உறையின் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. அமுங்கி விடுபடும்போது நீரை உள்ளே இழுக்கும் பஞ்சைப் போல, அது மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. அசைவு நின்றால் அந்தப் போக்குவரத்தும் குறைந்துவிடும்.

சரி, எவ்வளவு அசைந்தால் போதும்? கோனியோமீட்டர் என்ற கோணமானியை வைத்து பிசியோதெரபிஸ்ட் அளப்பார். முழங்கால் ஏறக்குறைய 135 டிகிரி மடங்கும். சமதளத்தில் நடக்க 60 முதல் 70 டிகிரி போதும், படி ஏற 80-க்கு மேல் வேண்டும். முழங்கை 30 முதல் 130 டிகிரி வரை அசைந்தாலே அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம் என்று 1981-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் முழு அளவு திரும்பவில்லையே என்று கலங்குவதைவிட, எந்த வேலைக்கு எத்தனை டிகிரி குறைகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

பயிற்சியில் மூன்று வகை உண்டு. நோயாளி முயற்சி எதுவும் செய்யாமல் இன்னொருவரோ கருவியோ அசைத்துவிடுவது ஒன்று. முடிந்தவரை அவர் அசைக்க, மீதிக்குக் கைகொடுப்பது இன்னொன்று. அப்புறம், முழுக்க அவரே அசைப்பது. முதல் வகை மூட்டின் அசைவைக் காக்க உதவுமே தவிர, தசைக்கு வலு சேர்க்காது. ஆகவே, முடிந்தவுடன் அடுத்த வகைக்குப் போவதுதான் நல்லது.

டொராண்டோவின் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்ட்டர், முயல்களின் மூட்டை இடைவிடாமல் மெதுவாக அசைத்தால் குருத்தெலும்புக் காயம் நன்றாக ஆறுகிறது என்று காட்டினார். காயம்பட்ட மூட்டுக்கு ஓய்வே மருந்து என்று பலரும் நம்பிய காலம் அது. அதைத் தொடர்ந்து காலை மடக்கி நீட்டும் இயந்திரங்கள் வந்தன. ஆனால் செயற்கை முழங்கால் பொருத்தியவர்களிடம் அவை பெரிய கூடுதல் பலன் தரவில்லை என்று பிந்தைய ஆய்வுகள் கண்டன.

பலமாக வளைத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற எண்ணம் ஆபத்தானது. கொலாஜன் குறைந்த விசைக்கு, நீண்ட நேரம் பிடித்தால், மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து வீங்கும், வீக்கம் மறுபடி இறுக்கும். முழங்கையை முரட்டுத்தனமாக வளைத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரும் அபாயமும் இருக்கிறது. பயிற்சியின்போது இழுப்பது போன்ற உணர்வு இருக்கலாம். மறுநாளும் வலியும் வீக்கமும் தொடர்ந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த கையை வீட்டில் அசைத்துவிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுக்காமல், ஒரு கையால் தோள்பட்டையைத் தாங்கி, பிசியோதெரபிஸ்ட் காட்டிய அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள்.